மாமனாரின் இயர்பட்ஸில் கை வைத்த கதை

ஒருவர் தன் போனை நம் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்வதைப் போல ஆபத்தான மரியாதை உலகத்தில் வேறு இல்லை. பொன்னாடை போர்த்தினால்கூட ஐந்து நிமிடத்தில் கழற்றி மடித்துவிடலாம். இந்த மரியாதையைக் கழற்ற முடியாது. நான் இரண்டு வருடமாகப் போர்த்திக்கொண்டு அலைகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 'ஒலி' என்ற பாடத்தைப் பதினாறு வருடமாக நடத்தி வருகிறேன். அதிர்வெண், வீச்சு, எதிரொலி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.) இந்த ஒரே பாடத்தின் பலத்தில், சத்தம் வருகிற எந்தச் சாமானும் என் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று எனக்கு ஒரு நினைப்பு.

என் மாமனார் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இலையைச் சுருட்டுகிற ரோலர் மிஷின்களுக்கு நடுவே முப்பது வருடம் நின்றதில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. ஆனால் நாக்கு மட்டும் கத்தி. ஒரு வாய் டீயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவர் 'சரியில்லை' என்றால் மேனேஜர்கூட மறுபேச்சு பேசமாட்டாராம். தேயிலை விஷயத்தில் அந்த நாக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. மாப்பிள்ளை விஷயத்தில் எப்படி என்று நான் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

அவருடைய சின்ன மகள் கவிதா, அதாவது என் கொழுந்தியா, அவருக்கு வயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தாள். கவிதாவுக்கு நிச்சயதார்த்தம் முடிவாகி, அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, பந்தி ஏற்பாடுகளைப் பார்க்க நான் மட்டும் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். மாமனார் இயர்பட்ஸையும் போனையும் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏனுங் மாப்ள, பாட்டுக் கேட்டா தகர டப்பாக்குள்ள உக்காந்து பாடறாப்புல இருக்குது. கொஞ்சம் பாருங்களே."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். (ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் கையுறை மாட்டுவதைப் போல.)

"எல்லாம் செட்டிங்ஸ்தானுங்க மாமா. பத்து நிமிஷம்."

மூன்று மணி நேரம் ஆயிற்று. முதலில் ஈக்வலைசரைத் திறந்து, பாட்டின் அடிக்குரலைக் கொஞ்சம் இறக்கி, பேச்சுக்குரல் தெளிவாகக் கேட்கிற பகுதியை மேலே ஏற்றினேன். காதைப் பாதுகாக்கிறேன் பேர்வழி என்று போன் சத்தத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தது. அதை எடுத்தேன். இடது வலது இரண்டிலும் ஒரே ஒலி வருகிற மாதிரி மோனோவாக மாற்றினேன். பிறகு, போனின் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் திறக்கும் ரகசிய அறைக்குள் போனேன். டெவலப்பர்களுக்கான இடம் அது. நான் எதையும் டெவலப் செய்ததில்லை என்பது போனுக்குத் தெரியாது. அங்கே ப்ளூடூத் ஒலியை எந்த முறையில் அனுப்புவது என்று நாலைந்து பெயர்கள் இருந்தன. எனக்கு அர்த்தம் தெரியாத பெயர்களில் நீளமானதைத் தேர்ந்தெடுத்தேன்.

மாமியார் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். பந்திக்காரர் ஒரு தடவை வந்து, பார்க்க ஆளில்லாமல் திரும்பிப் போனார். நான் நிமிரவில்லை.

"இப்ப எப்பிடிங்க மாமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டீ ருசி பார்க்கும்போது இருக்குமே, அதே முகம். வெகு நேரம் கழித்து, "ராத்திரிக்கு நிதானமாக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க மாப்ள" என்றார். ரசனை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நான் பூரித்துப்போய்க் குன்னூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் அன்றைக்கே தன் மூத்த மகளுக்கு, அதாவது என் மனைவி வளர்மதிக்கு, "இன்னும் டப்பாவாட்டமேதான் கேக்குது, மாப்ளைகிட்ட எப்பிடிச் சொல்றது?" என்று செய்தி அனுப்பிய விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் நானும் வளர்மதியும் கோத்தகிரி பஸ்ஸில் உட்கார்ந்தோம். மடியில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தேன். நாதஸ்வர ஏற்பாட்டை நானே ஏற்றுக்கொண்டிருந்தேன். ஆள் வைத்தால் வீண் செலவு, நான் இருக்கும்போது எதற்கு என்று. என்னுடைய இயர்பட்ஸைக் காதில் மாட்டி, வெளிச்சத்தம் உள்ளே வராதபடி தடுக்கும் வசதியை முழுதாக வைத்திருந்தேன். பஸ்ஸின் உறுமல், கண்டக்டர், பக்கத்து சீட்டுக் குழந்தை எல்லாம் அடங்கிவிட்டன. வளர்மதி போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து எதையோ பேசிக்கொண்டிருந்தாள். வளைவுகளில் போனைப் பார்த்து டைப் செய்தால் அவளுக்குக் குமட்டும். அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கை எவ்வளவு இனிமையானது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் வீட்டை ஒட்டிய சின்ன ஹால். இரண்டு பக்கமுமாக நூறு பேருக்கு மேல் இருக்கும். மாப்பிள்ளைப் பையன் பிரபு, மேட்டுப்பாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன், நெற்றியில் சந்தனத்தோடு மரியாதையாக உட்கார்ந்திருந்தான். நான் மாமனாரின் போனை வாங்கினேன். எங்கள் குடும்பத்திலேயே சிறந்த ஒலி அமைப்பு உள்ள போன் அதுதானே? அதில் நாதஸ்வரத்தைப் போட்டு ஸ்பீக்கரோடு இணைத்தேன். அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கும் மனிதன். ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களுக்கு ஒலி அனுப்புகிற வசதி அந்த போனில் இருந்தது. பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"காதுல மாட்டிக்குங்க மாமா. அங்க ஸ்பீக்கர்ல வர்றது உங்க காதுலயும் வரும்."

"எதுக்குங்க மாப்ள?"

"மாட்டிக்குங்க."

மாட்டிக்கொண்டார்.

மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் நிச்சயப் பத்திரிகையை வாசிக்க வேண்டியவன் நான். நாதஸ்வரத்தை நிறுத்தி, போனை மாமனாரிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் தடவிய தாளோடு நடுவில் போய் நின்றேன். ஹால் அமைதியானது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

மாமனார் போனைப் பார்த்தார். மகளிடமிருந்து குரல் செய்தி வந்து கிடந்தது. நாதஸ்வரத்தோடு ஸ்பீக்கரும் ஓய்ந்துவிட்டது, இனித் தன் காதுக்குள் மட்டும்தான் கேட்கும் என்ற நம்பிக்கையில் அதைத் தட்டினார்.

"அப்பா, மூணு மணி நேரம் அதுல கை வெச்சாருன்னா அது அவ்வளவுதானுங்ப்பா" என்று என் மனைவியின் குரல் ஸ்பீக்கரில் ஆரம்பித்தது. "போன மாசம் மிக்ஸியப் பிரிச்சாரு, இப்ப நான் அம்மியில அரைச்சுட்டு இருக்கறேன்."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுளித்து, காதைத் தொட்டுப் பார்த்து, சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினார். முழுதும் கூட்டினார். வரம்பைத்தான் நேற்றே எடுத்திருந்தேனே.

"நீங்க ஒண்ணும் சொல்லீராதீங்க. சொன்னீங்கன்னா நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு, ஊட்டுல நாந்தான் பாக்கோணும். 'நல்லா இருக்குதுங்க மாப்ள'ன்னு சொல்லிப்போடுங்க. நானும் பன்னெண்டு வருசமா அப்பிடித்தான் சொல்லீட்டு இருக்கறேன்."

கையில் தாம்பாளத்தோடு வளர்மதி சுவரோரம் நின்றாள். அவள் கண் தாம்பாளத்திலிருந்த வாழைப்பழங்களை விட்டு நகரவில்லை. நான் மாமனாரை நோக்கிப் பாய்ந்தேன். வழியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒரு பாட்டில் தண்ணீர் சாய்ந்தது. அப்போது ஸ்பீக்கரில் இன்னொரு குரல் கேட்டது. "கட்டபெட்டு, கட்டபெட்டு! எறங்கறவங்க முன்னால வாங்க!"

அந்தக் கண்டக்டரின் குரல்தான் என்னைக் கொன்றது. இதை அவள் எங்கே உட்கார்ந்து பேசினாள் என்று அந்த நொடியில்தான் புரிந்தது.

"பக்கத்துலதானுங்ப்பா உக்காந்திருக்காரு. காதுல மாட்டீட்டாருன்னா இடி உழுந்தாலும் கேக்காது. என்னையப் பாத்துச் சிரிக்கறாரு" என்றாள். ஒரு சின்ன இடைவெளி. பிறகு, ரொம்பவும் கனிவாக, "பாவம்."

செய்தி முடிந்தது. பேச்சுக்குரலை நான் ஏற்றி வைத்தது வீண் போகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கடைசி வரிசைவரை ஓர் எழுத்து சிதையாமல் கேட்டதாக எல்லோருமே சொன்னார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. நூறு பேர் ஒரே நேரத்தில் சிரிப்பை அடக்கினால் ஒரு ஹால் எப்படி இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தாளை மறுபடி விரித்து, இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று ஒரு பிழையில்லாமல் வாசித்து முடித்தேன். பிரபுவின் பெரியப்பா நல்ல மனிதர். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நல்லா இருக்குதுங்க மாப்ள" என்றார்.

அவ்வளவுதான். ஹால் உடைந்தது. முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பிரபு சந்தனம் அழியக் கண்ணைத் துடைத்தான். தன் நிச்சயதார்த்தம் என்றுகூடப் பார்க்காமல் கவிதா தன் தோழியின் தோளில் விழுந்து குலுங்கினாள். நடந்தது எதுவும் காதில் விழாத மாமனார் மட்டும் பாக்கி. ஒரு பட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"ஏனுங் மாப்ள, இதுல ஒண்ணுமே கேக்கலீங்களே!"

என் வேலையைப் பற்றி அந்தக் குடும்பத்தில் என் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட முதல் உண்மை அது.

பந்தியில் என் பக்கத்தில் பிரபு உட்கார்ந்தான். "அண்ணா, நான் ஒருதரம் பாக்கட்டுங்களா?" என்று என்னிடம் அனுமதி கேட்டான். (அந்தப் பணிவை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.) கை கழுவிவிட்டு வந்து, மாமனாரின் இயர்பட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போனைத் தொடவே இல்லை. கவிதாவிடம் அது வந்த டப்பாவைக் கேட்டான். அதில் பெரியதும் சின்னதுமாக ரப்பர் மூடிகள் இருந்தன. மாட்டியிருந்தது சின்னது. "காதோட ஒட்டி உக்காரலீங்க, சத்தமெல்லாம் வெளிய போயிருது" என்று பெரியதை மாட்டினான். சத்தம் வரும் துளையின் வலையில் அடைந்திருந்த அழுக்கைக் காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுத்தான். இரண்டு நிமிடம்.

மாமனார் போட்டுக்கொண்டார். "அட!" என்றார்.

ஒரு வார்த்தைதான். ஆனால் டீயைத் துப்பாமல் விழுங்கிவிட்ட ஒருவரின் வார்த்தை. அப்படி ஒரு 'அட' எனக்கு அதுவரை வந்ததில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் வைத்த செட்டிங்ஸை எல்லாம் பழையபடி மாற்றித் தரட்டுமா என்று பிரபு கேட்டபோது, மாமனார் பதறினார்.

"வேண்டாங்க, வேண்டாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். மாத்துனமுன்னா அவரு மறுக்கா வந்து உக்காந்துக்குவாரு."

இப்போது காதை அடைத்துக்கொண்டு பாட்டு நன்றாகக் கேட்டதால், தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் எதையும் காதில் மாட்டவில்லை. பஸ் கட்டபெட்டைத் தாண்டியது. பிறகு கேட்டேன்.

"பன்னெண்டு வருஷமா எதெதுக்கெல்லாம் அப்படிச் சொன்னே?"

"உடுங்க. இப்ப எதுக்குங்க அது?"

"சொல்லு."

சொன்னாள். கோபமே இல்லாமல், மளிகைக் கடைச் சிட்டை வாசிப்பதைப் போலச் சொன்னாள். என் ரசம். நான் வைத்திருந்த மீசை. எடுத்த மீசை. எங்கள் வீட்டு ஹாலுக்கு நான் அடித்த பச்சைப் பெயிண்ட். அவள் பிறந்தநாளுக்கு நான் பாடுவது. என் தலைமையில் குடும்பமே ஊட்டிக்குக் குறுக்கு வழியில் நடந்து போனது. வார இதழில் வந்த என் ஒரே கட்டுரை. வண்டிச்சோலை தாண்டியும் பட்டியல் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "இன்னும் ரெண்டு இருக்குதுங்க, ஊட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள்.

அன்றைக்கு ஒரு கட்டளை போட்டேன். இனி இந்த வீட்டில் உண்மை மட்டும்தான். மனசில் பட்டதை நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். வளர்மதி ஒரு தடவை யோசித்துவிட்டு, "சரிங்க" என்றாள். திங்கட்கிழமை சட்டையைப் பற்றிச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை என் நடையைப் பற்றி. புதன்கிழமை, நான் பள்ளிக் கதைகளைச் சொல்லும்போது தனக்குப் பெரும்பாலும் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றாள். வியாழக்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு எதைப் போடுவது, எப்படிச் சீவுவது என்றே தெரியாமல் பத்து நிமிடம் விழித்தேன். ஸ்கூலுக்கு லேட்டாகிவிட்டது.

அடுப்படிக்குப் போனேன்.

"வளர்மதி, இது சரிப்படாது. பழையபடியே இருந்துக்கலாம். எதைக் கேட்டாலும் நல்லா இருக்குன்னே சொல்லிரு."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கல்யாணமாகி மூணாவது நாளே நான் இந்த முடிவுக்கு வந்துட்டனுங்க. நீங்க இப்பத்தான் வர்றீங்க."

அன்று சாயங்காலத்துக்குள் இந்தப் பதில் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. குடும்ப விசேஷங்களில் இப்போது என்னைப் பற்றி இரண்டு கதைகள் சொல்கிறார்கள். முதலாவதைச் சொல்வதற்கு நூறு சாட்சிகள் இருக்கிறார்கள். அடுப்படிக் கதையான இரண்டாவதை மாமனாரே சொல்கிறார். அதை அவர் அந்த இயர்பட்ஸில், தன் காதாலேயே, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாராம்.