காஜாக்கா இரு பல்பு ஏற்றிய படலம்

முதலில் அவள் வலக்காலை வாழ்த்துவோம். பத்தொன்பது ஆண்டுகளாகப் பெடல் எனும் பாதபீடத்தை விட்டு இறங்காததும், நாளொன்றுக்கு முந்நூறு சட்டைகளுக்குப் பட்டன் துளையாம் காஜா எடுக்கும் இயந்திரத்தை ஓடென்றால் ஓடவும் நில்லென்றால் நிற்கவும் வைப்பதும், பொழுது சாய்ந்தால் முழங்கால் தொடங்கி இடுப்புவரை ஒரு வலியைச் சீராட்டி வளர்ப்பதுமான அத்திருக்காலை வணங்கிவிட்டே, அதற்கு உரியவளும், ஊசிமுனைச் சேனையின் தலைவியும், ஆயத்த ஆடைக்கூடத்தின் நாலாம் வரிசை ஏழாம் ஸ்டூலில் வீற்றிருப்பவளும், சின்னவர் பெரியவர் எல்லோராலும் காஜாக்கா என்றே விளிக்கப்படுபவளுமான நம் நாயகியின் போர்க்கதையைச் சொல்லப் புகுகிறோம்.

போருக்குக் காரணம் ஒரு பதவி. கூடத்தின் மெக்கானிக்குக் கூடமாட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பதவியின் மகிமை யாதெனின், அது நடக்கிற வேலை. ஸ்க்ரூடிரைவர் ஏந்தி, இயந்திரம் விட்டு இயந்திரம், வரிசை விட்டு வரிசை, மனுஷர்போல நடக்கலாம். காஜாக்காவுக்கோ டீகூட இருந்த இடத்துக்கே வரும், அதையும் உட்கார்ந்தபடியே குடித்தாக வேண்டும். எழுந்தால் கணக்குக் குறையும். அதனால்தான் வீட்டில் ஒருவரிடமும் மூச்சுவிடாமல் தன் பெயரைக் கொடுத்தாள்.

மெக்கானிக்கோ சூடுகண்டவர். போன மாதம் இஸ்திரிப் பகுதிக்காரர் ஒருவரை நிஜ ஒயரை வைத்துச் சோதித்ததில், சேரக்கூடாத இரண்டை அவர் சேர்த்துவைக்க, நாற்பது இயந்திரங்களும் அரைநாள் மௌன விரதம் பூண்டன. ஆகவே போர்க்களம் ஸ்டோர் ரூம் கணினிக்குள் மாற்றப்பட்டது. அங்கே பாவனை பாட்டரி, பாவனை ஒயர், பாவனை பல்பு. நடப்பதெல்லாம் நிஜத்தில் நடப்பதுபோலவே நடக்கும், ஆனால் எதைக் கொளுத்தினாலும் எவர் சட்டையும் கருகாது.

முந்தின நாள் அக்களம் புகுந்தவள் நாயகியின் நாத்தனார், பக்கத்து ஸ்டூலில் பட்டன் தைப்பவள். பாட்டரியின் இரு முனைகளையும் ஒரே ஒயரால் நேராகப் பிணைத்தாள். இடையில் பல்பு இல்லை, தடுப்பார் எவருமில்லை. திரையில் பாட்டரி தீப்பற்றி எரிய, அவள் தண்ணீர் கேட்டு ஓடியது கூடம் அறிந்த சரித்திரம். இன்று டீ கிளாஸோடு வாசற்படியில் சாய்ந்து நின்று, அண்ணியின் போரைக் காணக் காத்திருந்தாள்.

மெக்கானிக் முழங்கினார்: "ரெண்டு பல்பும் எரியணும். ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணு அணையக் கூடாது. டீ டைம் பதினஞ்சு நிமிஷம், அதுக்குள்ள."

அமர்ந்தாள் வீராங்கனை. வலக்கை மௌஸைத் தள்ள, இடக்கை பழக்க தோஷத்தால் அதற்கு முன்னே இல்லாத துணியை நீவிவிட்டது. பாட்டரியிலிருந்து பல்புக்கு ஓர் ஒயர், பல்பிலிருந்து பாட்டரிக்கு ஓர் ஒயர், காலர் மடித்தாற்போல் மூலை பிசகாமல் வைத்தாள். பல்பு கண் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்தாள், மறுபடி வைத்தாள். அப்போதும் அது அசையவில்லை. ஐந்து நிமிடம் போயே போய்விட்டது.

"அண்ணி, பல்பு என்ன சட்டையா?" என்றாள் நாத்தனார். "எல்லா முனையிலயும் அரை இஞ்ச் உள்ள விட்டு வச்சிருக்கீங்களே."

கிண்டலாய் வந்ததே ஆயுதமாயிற்று. தையலுக்கு அரை இஞ்ச் விடாமல் இரு துண்டை இணைத்தறியாத கை அது. விடாவிட்டால் முதல் துவைப்பிலேயே வாய் பிளக்கும் என்பது அதன் வேதம். இந்த மாயதேசத்திலோ ஒன்றன்மேல் ஒன்று படுப்பது உறவாகாது, ஒயரின் முனைப் புள்ளி பல்பின் முனைப் புள்ளியில் சரியாக உட்கார வேண்டும். அரை இஞ்சைப் பின்னுக்கு இழுத்தாள். கப்பென்று பிடித்துக்கொண்டது. கரண்டைக் காட்டும் நீலப் பொட்டுகள் பாட்டரியை விட்டுப் புறப்பட்டு, ஒயர்வழி ஊர்ந்து, பல்புக்குள் புகுந்து, மறுபக்கம் வெளிவந்து, புறப்பட்ட வீட்டுக்கே திரும்பின. பல்பு எரிந்தது. திரும்பி வர வழியில்லாவிட்டால் அவற்றில் ஒன்றுகூட வாசலைத் தாண்டாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அரிய ஞானம்தான்.

ஆனால், ஐயகோ, அந்தக் கால். நூல் கோத்தாயிற்று, துணி வைத்தாயிற்று என்று கண் கண்டுவிட்டால் மிதிப்பதே அதன் தர்மம். மேசைக்கு அடியில் பெடலைத் தேடியது. கிடைத்தது கணினிக்குக் கரண்ட் வரும் ஸ்விட்ச் பெட்டி. மிதித்தது.

திரை இருண்டது. மெக்கானிக் விட்டத்தைப் பார்த்தார். கணினியோ, மாமியார் வீட்டில் முதல் நாள் கண்விழிக்கும் மாப்பிள்ளைபோல, ஆற அமர எழுந்து வந்தது. அந்நேரம் திறந்த கதவு வழியே தன் ஸ்டூல் தெரிந்தது காஜாக்காவுக்கு. அதன் முன்னே மேசையில் அவளுக்கான டீ காத்திருந்தது. இன்னும் எத்தனை வருஷம் என்று நினைத்தாள்.

மீதம் நாலே நிமிடம். செருப்பைக் கழற்றி எறிந்தாள், நாற்காலிமேல் சம்மணமிட்டாள்.

"காலைக் கட்டி வச்சுட்டேன். இது சொன்ன பேச்சு கேக்காது."

இம்முறை அரை இஞ்ச் விடவில்லை. இரண்டு பல்புகளையும் ஒரே ஒயரில் அடுத்தடுத்துக் கோத்தாள். இரண்டும் எரிந்தன, பசித்த பிள்ளைகள்போல மங்கலாக. தானே ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள், மற்றதும் செத்தது. திரும்பிப் பார்த்தவள் கண்ணில் பட்டது நாத்தனாரின் தோளில் ஒட்டியிருந்த நூல்.

"ஏம்மா, போன வருஷம் ஒரு லாட் திரும்பி வந்துச்சே, ஏழு பட்டனையும் ஒரே நூலா ஓட்டினது?"

"ஒண்ணு அறுந்தா ஏழும் கொட்டிச்சே. அதுக்கப்புறம்தான் பட்டனுக்குப் பட்டன் தனி முடிச்சு."

தனி முடிச்சு. அவ்வளவே வேண்டியிருந்தது. முதல் பல்புக்குப் பாட்டரியிலிருந்து போக ஒன்று, வர ஒன்று. இரண்டாவதற்கும் அதே பாட்டரியிலிருந்து தனியே போக ஒன்று, வர ஒன்று. இரண்டும் முழு முகத்தோடு எரிந்தன. மெக்கானிக் மௌஸைத் தானே வாங்கி, வாளுருவும் நிதானத்தோடு ஒரு பல்பைக் கழற்றினார். மற்றது இமைக்கவும் இல்லை. மணி அடித்தது.

"நாளைலேருந்து என்கூட வாங்க" என்றார் அவர்.

பகைவர் கோட்டை தரைமட்டமாயிற்றோ, எண்திசையும் முரசு முழங்கிற்றோ, வானோர் பூமாரி பொழிந்தனரோ யாமறியோம். நாற்பது இயந்திரங்கள் கடகடவென எழுப்பிய பேரொலியினூடே, வென்ற மன்னர்க்கும் வாய்க்காத நடை நடந்து நாலாம் வரிசை ஏழாம் ஸ்டூலை அடைந்தாள் இரு பல்பு ஏற்றிய ஏந்தல்.

காஜாக்கா ஆறிப்போன டீயை எடுத்து நின்றுகொண்டே குடித்தாள்.