ஆக்சிஜன் இல்லாத வயரும் இலவம்பஞ்சு மூட்டைகளும்

புதுப் பொருள் வாங்கியவனிடம் அதைப் பற்றி அபிப்பிராயம் கேட்கவே கூடாது. வாங்கிய நாளிலிருந்து அவன் காது கடைக்காரருக்குச் சொந்தம். என் காது கைமாறியது ஸ்பீக்கருக்குப் புது வயர் வாங்கிய அன்று.

அது ஆக்சிஜன் நீக்கிய செம்பு வயர். (செம்புக்குள் ஆக்சிஜன் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.) ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் பழையவைதான். வயரை மட்டும் மாற்றிப் பாட்டைப் போட்டேன். இத்தனை நாள் கிணற்றுக்குள்ளிருந்து பாடிய பாடகி ஏறி வந்து என் சோபாவில் உட்கார்ந்து பாடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வயர் வாங்கியதற்கு முந்தின நாள்தான் போடியில் இலவம்பஞ்சு வியாபாரம் செய்யும் என் மாமனாரின் குடோன் கோடை மழையில் ஒழுகி, பஞ்சு மூட்டைகள் எங்கள் வீட்டு ஹாலில் கூரை முட்ட ஏறியிருந்தன. இசை கேட்கும் இடத்தில் பஞ்சு மூட்டையா என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஆக்சிஜன் இல்லாத வயரின் மகிமையைச் சொல்லி, ஹாலை எனக்கே விடும்படி மனைவி செல்வியிடம் மன்றாடினேன்.

"இம்புட்டு மூட்டைய அடுக்குனதுல ஹால்லயேதான் ஆக்சிஜன் இல்ல" என்றாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்து கேட்பார். அவர் காதுக்கு வித்தியாசம் தெரிந்தால் ஹால் எனக்கு. இல்லையென்றால் நிரந்தரமாகப் பஞ்சுக்கு. நான் சும்மா இருந்திருக்கலாம். மூட்டைகள் இல்லாவிட்டால் இன்னும் அமர்க்களமாக இருக்கும் என்று, அவற்றை வராண்டாவுக்கு மாற்றச் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டால் மாமனார் மறுக்க மாட்டார்; தன் லோடுமேன்களை அனுப்பி மாற்றிக் கொடுத்தார்.

ஞாயிறன்று மாமனாரும் மாமியாரும் வந்து உட்கார்ந்தார்கள். செம்பைப் பற்றிச் சின்னதாக ஓர் உரை ஆற்றினேன். (மாமியார் கணக்கில், காபி ஆறிப்போகும் அளவுக்குச் சின்னது.) பாட்டைப் போட்டேன். பாடகி மறுபடி கிணற்றுக்குள் இருந்தார். அவர் பாடியதையெல்லாம் சுவர்கள் ஒருமுறை திருப்பிப் பாடின. வயரைப் பிடுங்கிச் செருகினேன், வாயால் ஊதினேன், இடது வலது மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாமனார் யோசித்து, மரியாதை குறையாமல் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு மாப்ள. கல்யாண மண்டபத்துல பந்தியில உக்காந்து கேட்டாப்ல இருக்கு."

அவர் பாராட்டித்தான் சொன்னார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

ஹால் போயிற்று. லோடுமேன்கள் உடனே மூட்டைகளைத் திரும்பக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். துக்கத்தில் பாட்டை நிறுத்த மறந்திருந்தேன். ஒரு மூலை நிறைந்தது, எதிரொலி சுருங்கியது. அடுத்த மூலையும் நிறைந்தபோது பாடகி கிணற்றுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். நான் துள்ளி எழுந்தேன்.

"அண்ணே, அத அங்கன வைக்காதீக. இங்கன, ஸ்பீக்கருக்கு எதுத்தாப்ல வைங்க. இன்னொண்ணு கொண்டாங்க!"

மாமனார் மகள் பக்கம் குனிந்தார். "மாப்ளைக்கு என்னாச்சு ஆத்தா?"

"வயரு வேல செய்யுதுப்பா" என்றாள் செல்வி.

பழைய வயரை மாட்டிப் பார்த்தேன், அதிலும் அதே சுகம்தான். புது வயர் இப்போது மொட்டைமாடியில் துணிக்கொடியாக இருக்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் அங்கே கிடைக்கிறது. ஹால் இன்றுவரை குடோன்தான். சோபாவுக்கு மட்டும் மூட்டைகளுக்கு நடுவே இடம் விட்டிருக்கிறார்கள். குடும்பமே பஞ்சு எப்போது விற்கும் என்று காத்திருக்க, நான் மட்டும் விற்கக் கூடாதென்று வேண்டிக்கொள்கிறேன். மாமனாருக்கும் அது தெரியும். லாரி அனுப்புமுன் போனில் அவர் கேட்பதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்:

"மாப்ள, லோடு ஏத்தலாமா, இல்ல பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கீகளா?"