ஐம்பத்தேழு பச்சைப் புள்ளிகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

இன்று காலை கண் விழித்ததும் நான் முதலில் செய்த காரியம், தலைமாட்டில் இருந்த போனை எடுத்து வரைபடத்தைப் பார்த்ததுதான். முகம் கழுவவில்லை, விளக்குப் போடவில்லை, பக்கத்தில் படுத்திருந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல என் மூஞ்சியப் பாரு, அப்புறம் உன் மேப்பைப் பாரு" என்று போர்வைக்குள்ளிருந்தே சொன்னார். அவர் முகம் இருபது வருடமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. வரைபடம் அப்படியில்லை, நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதைச் சொன்னேன். போர்வை இன்னும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டது.

நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள், அண்ணனின் இருமல் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் குறையொன்றும் இல்லை, என் இடுப்புவலி மட்டும் எங்களோடு மூன்றாவது ஆளாகக் குடித்தனம் நடத்துகிறது. மாவட்டத்துக்கே கம்ப்யூட்டர் கொண்டுவந்தவள் உங்களுக்குப் பேனாவால் எழுதுகிறாளே என்று என் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். "எழுதினா படிப்பேன், மின்னினா படிக்க மாட்டேன்" என்று நீங்கள் சொன்ன பிறகு எனக்கு வேறு வழியில்லை. சென்ற மாதம் போனில் இன்னொன்றும் கேட்டீர்கள். "சார்ஜர் மாட்டுற வேலைக்கு ஒரு மேடமா?" என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி ஒரு மாதமாக என்னோடு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது. இன்றைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்குக் காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து குழு வருகிறது. எங்கள் மாவட்டத்தின் ஐம்பத்தேழு அரசுப் பள்ளிகளும் முழுமையாகக் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன என்று நான் காட்டிவிட்டால், இதே வேலையை எல்லா மாவட்டங்களுக்கும் பார்க்கச் சொல்லி என்னை உங்கள் ஊரில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். தனி அறை அண்ணி. கதவில் பெயர்ப்பலகை. ஐம்பத்தாறு என்றால் கிடையாது. "முழு மாவட்டம்" என்றுதான் உத்தரவில் இருக்கிறது.

வேலை இதுதான். ஒவ்வொரு பள்ளியும் காலை ஒன்பதரைக்குள் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எந்த வகுப்பு எந்தப் பாடத்தை டேபில், அதாவது பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் தொடுதிரைக் கம்ப்யூட்டரில், படிக்கிறது என்று எங்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் வரைபடத்தில் அந்தப் பள்ளியின் புள்ளி பச்சையாகும், இல்லையென்றால் சிவப்பு. கேட்க எளிமையாக இருக்கிறதல்லவா? முதல் வருடம் நான் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். தமிழில் எம்.ஏ. படித்தவள் என்ற திமிர் கொஞ்சம் உண்டு எனக்கு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஆங்கிலச் சொல்லும் வராமல், கம்ப்யூட்டர் திரையில் திறக்கும் 'விண்டோ'வையும் சாளரமாக்கி, "பணி முடிந்ததும் திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட்டு வெளியேறவும்" என்று எழுதினேன். மற்ற பள்ளிகளில் யாருக்கும் புரியவில்லை, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு பள்ளியில் மட்டும் தலைமையாசிரியர் முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவர். சாளரம் என்றால் என்னவென்று மாவட்டத்திலேயே அவருக்குத்தான் சரியாகத் தெரியும், அதுதான் வினையாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து கடிதம்: "தங்கள் ஆணைப்படி கணினி அறையின் எட்டுச் சாளரங்களும் தினமும் மூடப்படுகின்றன. ஒன்பதாவது சாளரத்துக்குக் கதவு இல்லாமையால் அட்டை வைத்து ஆணி அடிக்கப்பட்டுள்ளது. புழுக்கம் மிகுதி. ஆயினும் ஒத்துழைக்கிறோம்." அந்த "ஆயினும் ஒத்துழைக்கிறோம்" என்ற வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் போய் நின்றேன். அன்றைக்கு அகராதியை மூடினேன். அடுத்த சுற்றறிக்கையில் "எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிட்டு எழுந்திருங்க" என்று எழுதினேன். எம்.ஏ. பட்டம் தலைகுனிந்தது, அந்த அறைக்குக் காற்று வந்தது.

என் கூட வேலை பார்க்கும் டெக்னீஷியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டு வயது, எந்த மெஷினையும் மூன்று நிமிஷத்தில் எழுப்பிவிடுவார். எந்தப் பள்ளியிலிருந்து என்ன கோளாறு என்று போன் வந்தாலும் முதல் பதில், "ஒருதரம் அணைச்சுப் போடுங்க." அதனால் அவருக்கு மாவட்டம் முழுக்க அணைச்சுப்போடு அண்ணன் என்றே பெயர். புதிதாக மாற்றலாகி வந்த தலைமையாசிரியை ஒருவர் முதல் தடவை இதைக் கேட்டுவிட்டு, "யாரை அணைக்கச் சொல்றீங்க, என்ன பேச்சு இது" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சமாதானம் செய்ய நான் நேரில் போனேன். போன இடத்தில் அந்த அம்மாளுக்கு இரண்டு மணி நேரம் கற்றுக்கொடுத்துவிட்டும் வந்தேன். இன்றைக்கு அவர் பள்ளி எட்டே முக்காலுக்கெல்லாம் பச்சை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ஒரு தலைமையாசிரியருக்கு முழங்காலில் ஆபரேஷன். அவர் விடுப்பில் இருக்கும்போது பள்ளியின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. துணைத் தலைமையாசிரியை போன் போட்டுக் கேட்டிருக்கிறார், "சொல்லமாட்டேன்" என்றிருக்கிறார் அவர். மறுநாள் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அப்போதும் அதே பதில். ஆசிரியர் அறையே கொதித்துப்போய், பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு எனக்குப் புகார் வந்தது. பதினோரு நாளாகப் புள்ளி சிவப்பு. நான் அவர் வீட்டுக்கே போனேன். காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், பாஸ்வேர்டு வேணும்."

"சொல்லமாட்டேன்."

"சார், மாவட்டத்துக்கே நான்தான் பொறுப்பு."

"தெரியும்மா. அதனாலதான் மறைக்காம சொல்றேன். சொல்லமாட்டேன்."

"பிள்ளைங்க பாடம் நிக்குது சார்."

"நான் என்னம்மா பண்ணட்டும், எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க" என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அதுதாம்மா அந்த வார்த்தையே. சொல்லமாட்டேன். நடுவுல இடம் விடாம அடிக்கணும்" என்றார். அண்ணி, நான் அங்கேயே அதைத் தட்டிப் பார்த்தேன், திறந்துகொண்டது. நல்ல மனுஷன், கேட்டவுடனே கொடுத்திருக்கிறார், அதற்குப் பதினோரு கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதை. பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. மூன்று வருடமாக மக்கு என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். டேப் கொடுத்த இரண்டாம் நாள் அது இரண்டு விரலால் எழுத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, திரைக்கு ஒரே ஒரு சொல் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, பாடம் முழுவதையும் தடங்கல் இல்லாமல் வாசித்ததாம். டீச்சர் எனக்குப் போன் செய்து, "மேடம், அதுக்குப் படிப்பு வராம இல்ல மேடம், போர்டு தெரியல, மூணு வருஷமா தெரியல" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன். அந்தப் பிள்ளை இப்போது கண்ணாடி போட்டிருக்கிறது. அந்தப் பள்ளியின் டேபுகள் எல்லாம் கீறல் விழுந்து, மூலை நசுங்கி, ஒன்றில் பேனாவால் பூனை வரைந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்று காலைக்கு வருகிறேன். நாளைக் குழு வருகிற படபடப்பில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் விழிப்புக் கொடுத்துவிட்டது. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. வரைபடத்தில் பத்தொன்பது பள்ளிகள் ஏற்கெனவே பச்சை. பிள்ளைகள் பல்கூட விளக்கியிருக்க மாட்டார்கள், வருகைப் பதிவு வந்துவிட்டது. பத்தொன்பதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரே பஸ் தடத்தில் இருப்பவை. அணைச்சுப்போடு அண்ணனை எழுப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பத்தொன்பதும் ஒரே மெஷின்லேருந்து வருது மேடம். மெஷின் பேரு 'ஜெராக்ஸ் ரெண்டு'ன்னு காட்டுது. நாலு ரோடு சந்திப்புல கடை" என்றார். அவரும் இன்றைக்கு முதல்முறையாக எதையும் அணைத்துப் போடச் சொல்லவில்லை.

பஸ் பிடித்துப் போனேன். ஏழரை மணிக்கு அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க டீச்சர். ஆறாவது இருபத்தெட்டா? நேத்து மாதிரியேதான போட்டிருக்கேன், சரி விடுங்க. பாடம் என்ன போட? பின்னம் நேத்தே முடிச்சிட்டேன் டீச்சர், இன்னிக்கு தசமம் ஆரம்பிச்சிருக்கேன்." அண்ணி, பத்தொன்பது பள்ளிகளின் கணக்குப் பாடத்தை அந்த ஜெராக்ஸ் கடைக்காரிதான் நடத்திக்கொண்டிருக்கிறாள், ஒழுங்காக, வரிசை பிசகாமல். சுவரில் பத்தொன்பது பாஸ்வேர்டும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

நான் யாரென்று கேட்டாள். "இந்த ஃபாரம் நான் போட்டது" என்றேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க மேடம். உங்களத்தான் ஒரு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன். அந்த 'சேமி' பட்டனை எதுக்கு 'அழி' பட்டனுக்கு ஒட்டினாப்புல வச்சீங்க? கண்ணு அசந்தா ஒரு பள்ளிக்கூடமே போயிடுது."

மூன்று வருடத்தில் எந்த அதிகாரியும் என்னிடம் கேட்காத கேள்வி. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். "இவ்வளவையும் ஏன் நீங்க செய்றீங்க?" என்றேன்.

"அவங்க பரீட்சைப் பேப்பரெல்லாம் நம்மகிட்டதான் ஜெராக்ஸ். டீச்சருங்க ஒவ்வொருத்தரா வந்து, எங்களுக்கு வரல, நீயே அடிச்சுடு தாயின்னாங்க. யாராவது வந்து கத்துக் குடுத்திருந்தா எனக்கு ஏன் இந்த வேலை?"

அந்த நேரத்தில் அந்தப் பத்தொன்பதில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை தாள் கட்டோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் ஓடுவார் என்று பார்த்தால், முகமெல்லாம் மலர்ச்சி. "மேடம், எங்க டேபெல்லாம் நீங்க குடுத்த மாதிரியே இருக்கு. ஒரு கீறல் கிடையாது. மேல ஒட்டின தாளக்கூட உரிக்கல. பீரோல வச்சுப் பூட்டி, சாவி என் கைப்பையில. பிள்ளைங்க கைபட்டா கெட்டுப் போயிடும்ல" என்றார். அவர் நல்ல ஆசிரியை அண்ணி. அரசாங்கப் பொருளை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாரே என்று நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான் மூன்று வருடத்தில் இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். பஸ் சரியில்லை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பச்சையாக இருக்கிறதே, எதற்குப் போக வேண்டும் என்றும் இருந்துவிட்டேன்.

பத்து மணிக்கு அலுவலகம் திரும்பி எங்கள் அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "பச்சைன்னா பச்சைதாம்மா. யார் அடிச்ச பெயின்டுன்னு கமிட்டி கேக்கப் போறதில்ல. ஐம்பத்தேழுன்னு அறிக்கை அச்சடிச்சாச்சு. நாளைக்கு நீ பேசவே வேணாம், மேப்பைப் போட்டுக் காட்டு, கை தட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் தப்பில்லை. முப்பத்தெட்டுப் பள்ளிகள் நிஜமாகவே ஓடுகின்றன, அது சின்னக் காரியமா? மீதியை எனக்குப் பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா? மேலே போய் உட்கார்ந்தால் எல்லா மாவட்டத்துக்கும் நல்லது செய்யலாமே? இதையெல்லாம் எனக்கு நானே மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எதிர் அறையில் அணைச்சுப்போடு அண்ணன் நாளைக்காகத் திரையைத் தொங்கவிட்டு, ஐம்பத்தேழு புள்ளிகளையும் சுவரளவுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

ஆகவே அண்ணி, உங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு பாருங்கள். இரண்டு அறை போதும், தண்ணீர் நின்றுபோகாமல் வந்தால் சரி, மாடியானாலும் ஏறிக்கொள்வேன். உங்கள் சிநேகிதி வீட்டு மேல்பகுதி காலியாகிறது என்றீர்களே, அதற்கு ஒரு சொல் போட்டு வையுங்கள். அண்ணனிடம் தங்கை பெரிய ஆபீசராக வருகிறாள் என்று சொல்லுங்கள். அவர் சும்மா "ம்" என்பார், ஆனால் அடுத்த வீட்டுக்காரரிடம் போய் அரை மணி நேரம் பேசுவார். உங்கள் மனசு போல எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், பெரியவர்களாகிய நீங்கள் இருவரும் எனக்காக ஒரு நல்ல வார்த்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவள் திரும்ப எடுத்து எழுதுகிறேன். வீடு பார்க்க வேண்டாம். அந்தப் பூட்டிய பீரோ இருக்கிற பள்ளியிலும் போர்டு தெரியாத ஒரு பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்குமே என்று தோன்றிவிட்டது. சிநேகிதியிடம் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நாளைக்குக் குழு முன்னால் முப்பத்தெட்டு என்று சொல்லப் போகிறேன், பெருமையாகவே சொல்லப் போகிறேன். மீதிப் பத்தொன்பதுக்கு இன்னும் இரண்டு வருடம் இதே நாற்காலியில் இருக்க அனுமதி கேட்பேன், அந்த ஜெராக்ஸ் கடைக்காரியைப் பயிற்சியாளராகக் கொடுங்கள் என்றும் கேட்பேன். அதிகாரிக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும், இந்த நிமிஷத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்களின் நேரத்தை டிப்போவுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முதல் வண்டி ஆறு இருபதுக்கு.