உதட்டு சார் தேடிய சத்தம்

அருப்புக்கோட்டையில் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவர்கள் இரண்டே வகை. ஒன்று பல் டாக்டர்கள். இன்னொன்று உதட்டு சார். பல் டாக்டராவது நாம் தேடிப் போனால்தான் பார்ப்பார்.

நான் அலுவலக வேலை பார்க்கும் கல்லூரியில் அவர் ஆங்கில விரிவுரையாளர். பேசுகிறவர் கண்ணைப் பார்க்கவே மாட்டார், உதட்டைத்தான் பார்ப்பார். சேர்ந்த புதிதில் ஒரு டீச்சர் முதல்வரிடம் புகாரே கொடுத்துவிட்டார். முதல்வர் கூப்பிட்டு விசாரித்தால், இவர் முதல்வரின் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பேப்பர்னு சொல்றப்ப காத்தே வரல" என்றாராம். உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து அவர் வாய்க்கு முன்னால் பிடித்தார். பேப்பரில் வரும் முதல் 'ப'வுக்கு உதட்டைத் திறந்ததும் இங்கிலீஷ்காரனுக்குக் காற்று பீச்சுமாம், காகிதம் ஆடுமாம். முதல்வர் அதை ஆட்டியே தீருவதென்று மூச்சு வாங்க 'பேப்பர், பேப்பர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். புகார் என்ன ஆனதென்று அதன்பின் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு நாள் கேன்டீனில் எல்லாரையும் தொண்டையில் கைவைக்கச் சொன்னார்.

"ஸ்ஸுனு இழுங்க. தொண்டை சும்மா இருக்கா? இப்ப நாக்க அசைக்காம வண்டு மாதிரி ரீங்காரம் போடுங்க. பாத்தீகளா, உள்ள மோட்டார் ஓடுது! அம்புட்டுத்தான், இங்கிலீஷோட கடைசி எழுத்து வந்துருச்சு."

டீ மாஸ்டர் உட்பட அத்தனை பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இரைந்துகொண்டிருந்தபோது, மகளைச் சேர்க்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன தாயி, சாப்பாட்டுல எதுவும் விழுந்துருச்சா?" என்று என்னிடம் பதறினார்.

சிரித்தாலும் அந்த நோய் எனக்கும் தொற்றியது. அன்று குழம்பு தாளித்தபடியே 'டீ, டீ' என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கு மடங்கிப் போய் மேலே முட்டியது. இங்கிலீஷில் அது மடங்கக் கூடாது, மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நுனி தட்டவேண்டும் என்பார் சார். இத்தனை வருஷமாக இந்த வாயோடுதான் இருக்கிறேன். அங்கே ஒரு மேடு இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்ப்பவர் ஒருவர் உதட்டைத் துடிக்கவிட்டு 'ப்ர்ர்ர்' என்று ஆடுகளை அழைப்பதைக் கேட்டு, ஓடும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிய மனிதர் அவர். "அண்ணே, இன்னொருக்கா!" என்று சாரும் கூடவே துடிக்கவிட, எந்த உதட்டை நம்புவதென்று தெரியாமல் ஆடுகள் ரோட்டுக்கு நடுவே நின்றுவிட்டன. "ஏய்யா, ஆட்டுக்கும் டியூசனா? வழிய விட்டுப் போய்யா!" என்று கம்பை ஓங்கியவரிடம், "இந்தச் சத்தம் இங்கிலீஷ்லயே இல்லண்ணே" என்று பாராட்டிவிட்டுத்தான் வந்தார்.

இந்த மனிதர்தான் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் கல்லூரியிலேயே படிக்கும் என் மகன் பாளையம்பட்டிப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, தாடை உடைந்து, மேல்வரிசை முன்பற்கள் போய்க் கிடந்தான். இப்போதும் தெருவில் பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். தாடையைக் கட்டியிருந்த கம்பியை எடுத்த அன்று, "ஃபேன் போடும்மா" என்றான். வெறும் காற்றாக வந்தது. என் தம்பி, "என்ன மாப்ள, காப்பிய ஊதுற மாதிரி இருக்கு?" என்று விளையாட்டாகச் சிரித்துவிட்டான். அவ்வளவுதான். அதன்பின் மகன் பேசவில்லை. எலும்பு கூடிவிட்டது, பேசலாம், பல்லைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அவனோ சோறு வேண்டும் என்பதைக்கூடப் போனில் டைப் செய்து காட்டினான். இனி காலேஜுக்குப் போகமாட்டேன் என்பதையும் அப்படித்தான் காட்டினான். பிள்ளை உயிரோடு கிடைத்தான், குரல் போய்விட்டதே என்று நான் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

மற்றவர்கள் ஆப்பிளோடு வந்தார்கள். சார் டார்ச் லைட்டோடு வந்தார். மகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் ஃபேன் கதையை மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மேல்பல்லு இல்லாம அந்த 'ஃப' சத்தத்தப் போட்டானா? எப்படிக்கா?"

"சார், அவனே நொந்து போயிக் கெடக்கான்."

"இருங்கக்கா. மேல்பல்லக் கீழுதட்டுல வச்சுக் காத்த விட்டாத்தான் அது வரும். பல்லே இல்லயே, அப்ப உதடு எதுல போயி முட்டுச்சு?"

தம் பல்லை உதட்டால் மூடிக்கொண்டு ஊதிப் பார்த்தார். எச்சில் தெறித்தது. தாடையை முன்னே தள்ளி ஊதினார். கடைசியில் முடிவுக்கு வந்தார். "ஈறுதான். கீழுதடு ஈறுல முட்டிருக்கு. சந்தேகமே இல்ல. நாளைக்கு கிளாஸ்ல சொல்லிருவேன்."

சுவர்ப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஈறு இல்ல சார்."

மகன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு உதடுந்தான் சார். ஒட்டாம கிட்ட வருது. நடுவுல காத்து போகுது." குழறலாகத்தான் வந்தது. ஆனால் அவன் குரல்.

நான் விம்மிவிட்டேன். சார் என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினார். "ஷ்ஷ்! அக்கா, கொஞ்சம் கேக்க விடுங்க. ஏலே, இது ஜப்பான்காரன் போடுற சத்தம்டா! அவுக பல்ல வைக்க மாட்டாக. எங்க, இன்னொருக்கா போடு!"

மகன் பொக்கை வாயோடு சிரித்தான். போட்டான். டார்ச் வெளிச்சத்தில் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அவன் காலேஜுக்குப் போனான். ஜப்பான் சத்தத்தைச் சார் வகுப்பில் செய்துகாட்டத்தான் போனான், பிறகு பாடத்துக்கும் உட்கார்ந்துகொண்டான்.

சார் வேறு ஊர்க் கல்லூரிக்கு மாறிப் போனபோது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஈறு என்று அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா என்று கேட்க வாய் வந்ததே வண்டி கிளம்பும்போதுதான். மழைக்காக ஜன்னல் கண்ணாடியை மூடியிருந்தார்கள். என் கேள்வி அவர் காதில் விழுந்ததோ, உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாரோ, உள்ளேயிருந்து நீளமாக ஏதோ பதில் சொன்னார்.

எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. என் பிள்ளையைப் பேசவைத்த அந்த உதடு குவிவதையும் விரிவதையும், வண்டி வளைந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.