ஆமைகளின் சொந்தச் சாகுபடி

கடல் வேண்டாம், நஞ்சைதான் வேண்டும் என்று துணிந்து முடிவெடுத்த கடலாமைகள் உலகத்திலேயே எங்கள் ஊரில்தான் உண்டு. அந்த நஞ்சைக்குக் கடற்கரை மணலைச் சுமந்து கொட்டியவன் என்ற முறையில் இதை நான் அடித்துச் சொல்வேன்.

எங்கள் மிராசுதார் துரைக்கண்ணு அய்யா 'ஏழைகளின் தோழர்'. ஆட்சி மாறிய அன்றே வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டவர். பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. மிச்ச நிலம் உழுகிறவனுக்கு என்றார்கள். அய்யா மேடையேறி அதை வரவேற்றார். வீட்டுக்கு வந்து நிலத்தைப் பிரித்து எழுதினார். மனைவி, மக்கள், மாடு மேய்ப்பவன், வளர்ப்பு நாய் 'திரு. மணி' எல்லோரும் நிலக்கிழார்கள் ஆனார்கள். வாய்க்கால் ஓரத்துத் துண்டுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. நானும் என் மனைவி காத்தாயியும் கல்யாணமான நாளிலிருந்து உழுது நடும் துண்டு அது. சட்டப்படி எங்களுக்கே வந்துவிடும் அபாயத்தில் இருந்தது.

அப்போதுதான் அய்யாவுக்கு வாயில்லா ஜீவன்கள்மேல் இரக்கம் பிறந்தது. 'பங்குனி ஆமை பாதுகாப்பு அறக்கட்டளை' உதயமானது. தர்மத்துக்கு விட்ட நிலத்தில் சட்டம் கை வைக்காதாம். கோடியக்கரைப் பக்கம் இந்தப் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் கூட்டம் கூட்டமாகக் கரையேறி முட்டையிட்டிருந்தன.

"பக்கிரி, வண்டியப் பூட்டுடா" என்றார் அய்யா. மணலும் முட்டையும் எங்கள் துண்டுக்கு வந்தன; குழி பறித்து வைத்தவன் நான்.

பார்வையிட வந்த நில அதிகாரி முட்டைக் குழியைக் குனிந்து பார்த்தார்.

"இத யாருய்யா பறிச்சது?"

"ஆமைங்கதான் சார்" என்றார் அய்யா.

"அப்போ சொந்தச் சாகுபடி."

காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "நாங்க இத்தினி வருசமா உழுததுங்க?"

"நீங்க கூலிக்கு உழுதீங்கம்மா. அது சொந்தக் கால்ல பறிச்சிருக்கு."

சட்டத்தை இவ்வளவு தெளிவாக எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை.

குஞ்சு பொரிக்கும் நாளை விழாவாக்கினார்கள். ஒலிபெருக்கி கட்டி, அய்யா வீட்டு மாடி முழுக்கக் கலர் பல்பு போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் அய்யா மைக்கைப் பிடித்தார்: "எந்தக் கடலுக்குச் சென்றாலும் ஆமை பிறந்த மண்ணுக்கே திரும்பி வரும்! அந்தப் பிறப்புரிமையைப் பறிக்க எவனாலும் முடியாது!"

"நானும் இந்த மண்ணுல பொறந்தவதானுங்களே" என்றாள் காத்தாயி.

"நீ எங்கடி போன, திரும்பி வர்றதுக்கு?"

அதிகாரி சிரித்தார். ஆகவே நாங்களும் கை தட்டினோம்.

மணல் குளிர்ந்தது. குஞ்சுகள் மொத்தமாகக் கிளம்பின. வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்புகிற பிறவிகள் அவை. கடலோ எத்தனையோ மைலுக்கு அப்பால். கண்ணுக்கெட்டிய வெளிச்சம் அய்யா வீடு ஒன்றுதான். அங்கேயே போய்ச் சேர்ந்தன.

"பாருங்க, பொறந்த ஈரம் காயல. அதுக்குள்ள அய்யா வூட்டு வேலைக்குக் கெளம்பிட்டுதுங்க" என்றாள் காத்தாயி.

அதிகாரி நெகிழ்ந்துவிட்டார். "காப்பாளர் யாருன்னு அதுங்களே காட்டிடுச்சே!" நிலம் அறக்கட்டளைக்கு உறுதியானது.

விடிந்ததும் அய்யா வீட்டு முற்றத்தில் செத்துக் கிடந்த குஞ்சுகளைக் கூட்டி அள்ளியவள் காத்தாயி. மணலைக் கொட்டிய நானே அதை வாரி அப்புறப்படுத்தினேன்.

இன்றைக்கும் அந்த வயலில் ஆமைகளின் சார்பில் நாங்கள் நடுகிறோம். ஆமைகளின் சார்பில் அய்யா நெல்லை வண்டியேற்றுகிறார். செத்தது மட்டும்தான் ஆமைகளின் சொந்தச் சாகுபடி.