நாற்பத்தொரு பேரும் நான்காம் விதியும்

காஜா பேராங், மலாக்கா
12 மார்ச் 1958

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கும், அவர்வழி இம்மடலைப் படிக்கவிருக்கும் தன்மானமுள்ள தமிழ்ப் பெருமக்களுக்கும், காஜா பேராங் தமிழர் படிப்பகத்தின் செயலாளன் மா. பொன்னுதுரை நிமிர்ந்த தலையோடு வணங்கி எழுதுவது.

தங்கள் நலமும் தங்கள் அச்சுக்கூடத்தின் நலமும் நாடுகிறேன். என் நலம் கெடுக்கப்பட்டிருக்கிறது. ஜாசின் தோட்டத்து மக்கள் நாற்பத்தொரு பேர் இந்நாட்டின் குடிமக்களாகப் பதிய வேண்டிய நாளைத் தவறவிட்டமைக்கு நான் வகுத்த விதிகளே காரணம் என்று ஊர் பழிக்கிறது. மறுக்கிறேன். மேடையில் மறுத்திருப்பேன், மேடையைப் பூட்டிவிட்டார்கள். ஆகவே தாளில் மறுக்கிறேன்.

கடந்த ஆண்டு, விடுதலை நாளுக்கு முந்திய வாரம், எதிர்ச்சங்கத்துத் தேவதாஸ் என் குரலிலேயே நம் ஜாசின் கிளைக்குத் தொலைபேசியில் பேசி, கூட்டம் தம்பின் ஊருக்கு மாற்றப்பட்டது என்றார். இரண்டு லாரி மக்கள் தம்பினுக்குப் போய் அவர் பேச்சைக் கேட்டனர். நான் இங்கே நாற்காலிகளுக்கு ஒன்றரை மணி நேரம் உரையாற்றினேன். இனி ஒரு பொய்யும் நம் கிளைகளுக்கிடையே நுழையலாகாது எனச் சூளுரைத்து ஆறு விதிகள் யாத்தேன். கிளைதோறும் ஓர் அடையாளச் சொல். அவ்விதிகளின் உயிர் நான்காம் விதி: எதிரில் இருப்பவர் தம் சொல்லைச் சொல்லும்வரை நம் சொல்லையோ செய்தியையோ வெளியிடலாகாது. இவற்றைக் கடைப்பிடிக்கும் கிளைக்குள் எவ்வழியிலும் பொய் புகாது என்பதைக் கணக்குப் பாடம்போல் படிப்படியாக மெய்ப்பித்துப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். கணக்காசிரியர் சேதுராமன் இருமுறை படித்து, பிழையில்லை எனக் கையொப்பமிட்டார்.

பதிவு அதிகாரி மார்ச் இரண்டாம் நாள், ஞாயிறன்று, நம் படிப்பகத்துக்கே வர இசைந்தார். உடனே ஜாசின் கிளைச் செயலாளர் மருதமுத்துவைத் தொலைபேசியில் அழைத்தேன். "உங்க சொல்லைச் சொல்லுங்க" என்றார். "நீங்க சொல்லுங்க" என்றேன். விதியை எழுதியவனே அதை மீறுவதா? அவரும் மீறவில்லை, அந்த உறுதியை இன்றும் பாராட்டுகிறேன். இணைப்பகத்துப் பெண் மூன்று நிமிடத்துக்கொரு முறை இடையில் புகுந்து, "சூடா ஹாபிஸ்?" என்று, பேசி முடிந்ததா என மலாயில் கேட்டாள். தொடங்கவே இல்லையே, எதை முடிப்பது? மறுநாள் ஆளையே அனுப்பினேன். சென்றவர் தியாகு, நம் துணைச் செயலாளர், மருதமுத்துவின் உடன்பிறந்த அக்காளை மணந்தவர். மருதமுத்து காப்பி கொடுத்து, பிள்ளைகள் நலம் கேட்டு, அக்காளின் மூட்டுவலி கேட்டு, கடைசியில் சொன்னாராம்: "மாமாவா வந்திருந்தா சாப்பிட்டுப் போங்க. படிப்பகத்து ஆளா வந்திருந்தா சொல்லைச் சொல்லுங்க." தியாகு மாமாவாகவே சாப்பிட்டுவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பினார். கோழிக்குழம்பு நன்றாக இருந்ததாம். ஞாயிறன்று அதிகாரி வந்து, ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்து, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. காப்பிக்கடையில் அந்தத் தேவதாஸ் எதிரே வந்து உட்கார்ந்து, "அண்ணே, முன்னெல்லாம் உங்க கூட்டத்தைக் கெடுக்க நான் போன் போடணும். இப்ப அந்த வேலைய நீங்களே பாத்துக்கிறீங்க" என்றார். சேதுராமனிடம் நீதி கேட்டுப் போனேன். கையொப்பமிட்ட அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்தபடி, "பொய் உள்ள வராதுன்னுதான் நிரூபிச்சீங்க. மெய் உள்ள வருமான்னு என்கிட்ட யாரும் கேக்கலியே" என்கிறார். கேட்காமலே சொல்லியிருக்கலாம் அல்லவா? எனினும் ஒன்றை ஓங்கிச் சொல்வேன்: ஆறு திங்களாக ஒரு பொய்யும் நம் கிளைகளுக்குள் நுழையவில்லை. மெய்ப்பில் ஓட்டையில்லை. விதிகளைக் கொளுத்தச் சொல்வோர் முதலில் அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரியேனும் தவறென்று காட்டட்டும்.

ஆனால் போன வாரம், முப்பது ஆண்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மையார் ஒருவர் ஜாசினிலிருந்து என்னைத் தேடி வந்தார். திட்டவில்லை. "ஐயா, நான் எந்த நாட்டுக்காரின்னு இனிமே யாராச்சும் கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றார். அதற்குப் பன்னிரண்டு பக்கத்திலும் விடையில்லை. மலாய்த் தேர்வில்லாமல் பதியும் சலுகை ஆகஸ்டு மாதத்தோடு முடிகிறது. அதிகாரியின் வாசலில் மூன்று நாள் நின்று, வரும் ஞாயிறு, பதினாறாம் நாள், காலை ஒன்பது மணி என இன்னொரு நாள் பெற்றேன். மூன்றாம் முறை நாள் தரமாட்டாராம். மருதமுத்துவோ இன்னும் என் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். ஆகவே ஆசிரியர் அவர்களே, இவ்வறிவிப்பை நாளைய இதழின் முதற்பக்கத்தில், கொட்டை எழுத்தில் வெளியிடுங்கள்.

தங்கள் எழுதுகோல் வளையாதிருக்க, தங்கள் இல்லத்தார் எல்லா நலமும் பெற்று வாழ்க.

தங்கள்,
மா. பொன்னுதுரை

பின்குறிப்பு: மடலை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது. செய்தித்தாளில் வரும் எந்த அறிவிப்பையும் கிளைகள் நம்பலாகாது என்பது ஆறாம் விதி. ஆறாம் விதியை நீக்கிவிட்டேன் என்றும் சேர்த்து அச்சிடச் சொல்லலாமென்றால், அதையும் மருதமுத்து நம்பமாட்டார் என்கிறாள் என் மனைவி சந்திரமதி. அவள் படிப்பகத்து உறுப்பினர் அல்லள். எந்த விதியும் அவளைக் கட்டாது. கிளைக்கே போகாமல், நேரே தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயடியில் பெண்களிடம் சொல்லிவிடுவாளாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "நீங்களும் வேணும்னா வாங்க. வாயை மட்டும் திறக்காதீங்க" என்கிறாள். பத்து மணிப் பேருந்து. போகிறேன். ஆறாம் விதியை அறியாதவர் எவரேனும் இருப்பின் அவர்களாவது படிக்கட்டும். நீங்கள் இன்றே அச்சுக் கோக்கத் தொடங்குங்கள்.