ஓசூர் இசைக்கடின நிர்ணயம்

ஓசூரில் ஒரு தனியார் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு மூளை நிபுணர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். எந்த ஊர் நிபுணர், எங்கே படித்தவர் என்று யாரும் கேட்கவில்லை, கோட்டு போட்டிருந்தார். "கற்பதற்குக் கடினமான இசைக்கருவியைக் கற்கும் குழந்தைக்குக் கணக்குப் பாடம் தானாகவே வந்துவிடும்" என்று சொல்லிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு பெங்களூருக்குக் காரேறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே கம்பெனி பஸ்களில் பேச்சு மாறிவிட்டது.

"உங்க பையன் என்ன கத்துக்கறான்?"

"கீபோர்டுங்க."

"அய்யோ, அது சுலபமாச்சே!"

சொன்ன பெண்மணி அனுதாபத்தோடுதான் சொன்னார். கேட்ட பெண்மணி அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கீபோர்டைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினார். ஊரெங்கும் குழந்தைகள் கீபோர்டிலிருந்து கிட்டாருக்கும், கிட்டாரிலிருந்து வயலினுக்கும் இடமாறுதல் செய்யப்பட்டார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கஷ்டத்துக்குப் பெயர் கஷ்டம்தான் என்பதால் செய்தி பரவ மொழி ஒரு தடையாக இல்லை. ஆனால் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கருவி எது என்று யாருக்கும் தெரியவில்லை. பெற்றோரின் தவிப்பு மனுவாயிற்று. மனு மேலே போயிற்று. மேலேயிருந்து ஆணை கீழே வந்தது.

"கற்பதற்கும் வாசிப்பதற்கும் மிகக் கடினமான இசைக்கருவி எதுவெனக் கண்டறிந்து, அதற்கெனப் பயிற்சி நிலையம் ஒன்று அமைத்து, அக்கருவியை வாசிப்பவர் ஒருவரை நிரந்தர ஆசிரியராக நியமனம் செய்யலாகும்" என்றது ஆணை.

இதற்காக இசைக்கடின நிர்ணயச் சிறப்பு அலுவலராகப் பூபதி என்பவர் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு அவர் காய்கறிக் கடைத் தராசுகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தவர். இசையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதுவே அவருடைய தகுதியாகக் கருதப்பட்டது. தெரிந்தவர் என்றால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார் அல்லவா? பெற்றோர் தரப்பில் குழுவில் இடம்பெற்றவர் பிரியதர்ஷினி. உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். அவருடைய மகள் அப்போதைக்கு வயலினில் இருந்தாள்.

விண்ணப்பித்த வித்வான்கள் பலர். முதல்கட்டப் பரிசீலனை கறாராக நடந்தது. மோர்சிங் பாக்கெட்டில் அடங்குகிறது, இவ்வளவு சிறிய பொருள் கடினமாக இருக்க இயலாது என்று தள்ளுபடியானது. மிருதங்கம் தட்டினால் சத்தம் வருகிறது என்று தள்ளுபடியானது. வீணையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாத ஒரு வயதான அம்மாள் 'ஆஜராகவில்லை' ஆனார்.

கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓசூர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் கௌஸ் மொய்தீன். இன்னொருவர் கல்லாவியிலிருந்து நாயனத்தோடு இரண்டு பஸ் மாறி வந்த மாதேஸ்வரி. ஒரே கல்யாணத்தில் மாதேஸ்வரி மண்டபத்துக்குள்ளும் கௌஸ் மொய்தீன் ஊர்வலத்திலும் வாசித்த பழக்கம் இருவருக்கும் உண்டு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கௌஸ் மொய்தீன் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மாதேஸ்வரி புளி உடைக்கப் போனார். நிரந்தர வேலை என்ற சொல்லை இருவரும் அடுத்தவர் வீட்டு விசேஷங்களில் மட்டுமே கேட்டிருந்தார்கள்.

"வாசிச்சுக் காட்டுங்க பாய்" என்றார் பூபதி.

கௌஸ் மொய்தீன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். டீ கொண்டுவந்த ஆள் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். டீ ஆறிப்போனது.

"எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?"

"சின்ன வயசுலேருந்துங்க சார்."

"கஷ்டமா?"

"ரொம்பக் கஷ்டம் சார். ஆரம்பத்துல நான் ஊதினா தெருநாய்ங்க எல்லாம் கூடி அழுவும்."

"இப்ப அழுவுதா?"

"இப்ப இல்லீங்க."

பூபதி பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு ஒரு சொட்டு வேர்க்கலை. கண்ணை வேற மூடிக்கிட்டீங்க. கண்ணை மூடிக்கிட்டுச் செய்யற வேலை எப்படிப் பாய் கஷ்டமான வேலையாகும்?"

பிரியதர்ஷினி அதை விளக்கினார். "எங்க லைன்ல ஒரு ஆபரேட்டர் நூறு பீஸ் போட்டு ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகலைன்னா அது ஈஸியான வேலை. பாதி ரிஜெக்ட் ஆச்சுன்னா கஷ்டமான வேலை. உங்ககிட்ட ரிஜெக்‌ஷனே இல்லையே."

அடுத்து மாதேஸ்வரி வாசித்தார். அவர் விஷயத்தில் குற்றச்சாட்டு இன்னும் கடுமையாக இருந்தது.

"வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே நடுவுல சிரிச்சீங்களே, ஏன்?"

"அந்த இடம் நல்லா வந்துச்சுங்க சார்."

"நல்லா வந்ததுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க" என்றார் பூபதி வருத்தத்தோடு.

இறுதிப் பரிசோதனை ஒரு கல்யாண மண்டபத்தில், பொதுமக்கள் முன்னிலையில் என்று முடிவாயிற்று. யார் கையில் அதிகம் ரிஜெக்‌ஷன் ஆகிறதோ அவர் கருவியே கடினமான கருவி.

படியிறங்கும்போது மாதேஸ்வரி கேட்டார்: "இப்ப இன்னா பாய் பண்ணச் சொல்றாங்க? தப்பா வாசிக்கச் சொல்றாங்களா?"

"எனக்கும் அப்படித்தாம்மா புரியுது."

வீட்டில் கௌஸ் மொய்தீனின் மனைவி சுக்ராவுக்கு இதில் தத்துவச் சிக்கல் எதுவும் தெரியவில்லை. "ஒரு நாளைக்குத் தப்பா வாசிச்சா உசிரா போயிடும்? ஊர்ல பாதிப்பேரு அதைத்தான் பண்ணிக்கினு சம்பளம் வாங்கறான்" என்றார்.

கௌஸ் மொய்தீன் தப்பு சாதகம் செய்ய உட்கார்ந்தார். அது அத்தனை லேசாக இல்லை. விரல் சரியான துளைக்கே ஓடியது. தப்பான இடத்தில் நிறுத்தினால் மூச்சு போய்ச் சரிக்கட்டிவிட்டது. இரண்டு நாள் போராடி ஒரு வழி கண்டுபிடித்தார்: எதையும் வளைக்காமல், குழைக்காமல், உயிரை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆணி அடித்த மாதிரி நேராக ஊதுவது. கேட்க ஷிஃப்டு மாறும்போது ஊதுகிற சங்கு மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து, "பாய், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாசிப்பைப் பற்றி அந்தத் தெருவில் ஒருவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. கௌஸ் மொய்தீனுக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மாதேஸ்வரி போன் செய்தார். "எனக்கு வரலை பாய். தப்பா வாசிக்க உக்காந்தா அழுகைதான் வருது."

"நாயனத்து வாயில வைக்கிற சீவாளியை நனைக்காம ஊதிப் பாரும்மா."

"அதுலயும் நல்லாத்தான் வருது பாய். இன்னா பாவம் பண்ணேன்னு தெரியல."

பரிசோதனை நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. பிரியதர்ஷினி தன் செல்போனில் ஒரு செயலி வைத்திருந்தார். ஸ்வரம் ஒரே இடத்தில் நேராக நின்றால் பச்சை எரியும். கொஞ்சம் அசைந்தாலும் சிவப்பு, அதாவது ரிஜெக்ட். அதைப் பெரிய திரையில் போட்டார்கள்.

கௌஸ் மொய்தீன் முதலில் மேடையேறினார். தான் தயாரித்த தப்பை ஒன்றுவிடாமல் வாசித்தார். முன்வரிசையில் அவருக்குத் தெரிந்த பேண்டு செட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசித்து முடித்துத் திரையைப் பார்த்தார். ஆதியோடந்தமாகப் பச்சை.

"ஜீரோ டிஃபெக்ட்!" என்று பிரியதர்ஷினி எழுந்தே நின்றுவிட்டார்.

"அபாரம் பாய். இவ்வளவு சுலபமான கருவியை நான் பார்த்ததே இல்லை" என்றார் பூபதி.

"சார், அது தப்பு சார். நான் தப்பாத்தான் வாசிச்சேன்."

"தராசு மேல சந்தேகப்பட்ட கடைக்காரர் எவரும் ஜெயிச்சது இல்லை பாய். உக்காருங்க."

கௌஸ் மொய்தீன் இறங்கி வந்த முகத்தை மாதேஸ்வரி பார்த்தார். தப்பாக வாசிப்பதென்று கல்லாவியிலிருந்து முடிவுசெய்துகொண்டுதான் வந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் வந்தது. வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இந்த மண்டபத்துக்குள் ஒரு விஷயமாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று நாயனத்தைத் தூக்கித் தோடி ராகத்தை எடுத்தார்.

தோடியில் ஒரு ஸ்வரமும் நின்ற இடத்தில் நிற்காது. அசைந்து, வழுக்கி, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். அது இல்லாவிட்டால் தோடியே இல்லை. செயலிக்கு அது தெரியாது. திரை முழுக்கச் சிவப்பு பரவியது.

மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. பிரியதர்ஷினிக்கு முழங்கைவரை மயிர்க்கூச்செறிந்தது. அவர் துப்பட்டாவை இழுத்து அதை மூடிக்கொண்டு திரையைப் பார்த்துப் படித்தார்: "ஒரு நோட்டுகூட பாஸ் ஆகலை சார்."

பூபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரிதாபம்" என்றார். "இத்தனை வருஷம் வாசிச்சும் ஒரு ஸ்வரம்கூடச் சரியா வரலைன்னா, அது எவ்வளவு கஷ்டமான கருவியா இருக்கணும்!"

நாயனம் மிகக் கடினமான கருவி என்றும், மாதேஸ்வரி அதை மிக மோசமாக வாசிப்பவர் என்றும் முறைப்படி அறிவிக்கப்பட்டது. வேலை வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தபோது கௌஸ் மொய்தீன் தடுத்தார். "வாங்கிக்கம்மா. இந்த ஆபீஸ்ல ஒழுங்கா வாசிச்சு வேலை வாங்கினவ நீ ஒருத்திதான். இனிமே நடக்காது."

பயிற்சி நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. மாதேஸ்வரிக்கு நிபந்தனை ஒன்றுதான்: கருவியின் கடினத்தன்மைக்கு ஊறு நேராவண்ணம் கற்பிக்க வேண்டும். மாணவர் யாராவது வாசித்துவிட்டால் நாயனம் எளிய கருவிகள் பட்டியலுக்கு மாற்றப்படும்; ஆசிரியர் பணியிடம் காலாவதியாகும். அவரும் பொது இடத்தில் வாசிக்கக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு எளிது என்ற தவறான எண்ணம் ஏற்படும்.

குழந்தைகள் கன்னம் வீங்க ஊதினார்கள். காற்றுதான் வந்தது. பெற்றோருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க பொண்ணுக்கு இன்னும் ஒரு சத்தம்கூட வரலைங்க" என்றார் பிரியதர்ஷினி கம்பெனி பஸ்ஸில். "நாயனம் கத்துக்காம ஒரு வருஷம் முடிச்சுட்டா. அடுத்த வருஷம் வீணையும் சேத்துக் கத்துக்காம இருக்கட்டும்னு பாக்கறோம்."

ஒரே ஒரு அசம்பாவிதம் நடந்தது. அனிதா என்ற பெண்ணுக்கு ஒரு நாள் 'ச' வந்துவிட்டது. சுத்தமான 'ச'. அவள் அம்மா அழுதுகொண்டே ஓடிவந்தார். "என் பொண்ணுக்கு மட்டும் ஏன் மேடம் இப்படி?"

"தப்பித் தவறி வந்திருக்கும்மா. சரியாப் போயிடும்" என்று மாதேஸ்வரி தேற்றி அனுப்பினார். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அனிதாவை அபாகஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

கௌஸ் மொய்தீனின் கதை வேறு மாதிரி போயிற்று. கிளாரினெட் 'மிக எளிது' என்று அரசே சொல்லிவிட்டபின் கல்யாண வீட்டுக்காரர்கள் விவரமாகிவிட்டார்கள். "சுலபமான கருவிதானே பாய்? மாப்பிள்ளையோட ஃப்ரெண்டே ஊதிக்கறேன்னு சொல்றான்" என்றார்கள். ஃப்ரெண்டு ஊதியபோது சத்தம் வரவில்லை. கிளாரினெட் ரிப்பேர் என்று ஸ்பீக்கர் வைத்துக்கொண்டார்கள்.

நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. திறப்பு விழாவுக்கு நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்தார்கள். மங்கல இசை வேண்டும் என்று கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. மாணவர்களால் வாசிக்க முடியாது. ஆசிரியர் வாசிக்கக் கூடாது. பூபதி தன் செல்போனில் எங்கேயோ ஒரு நாதஸ்வரப் பதிவைத் தேடிப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டியில் போட்டார். முடிந்ததும் எல்லோரும் பெட்டியைப் பார்த்துக் கைதட்டினார்கள். பிரியதர்ஷினி தட்டினார். அழைப்பு இல்லாமலே வந்து கடைசி வரிசையில் நின்ற கௌஸ் மொய்தீனும் தட்டினார். நல்ல முகூர்த்த நாளில் அவர் கை சும்மா இருந்தது.

பூபதி மாதேஸ்வரியின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார்: "பாத்தீங்களா மேடம், முறையா வாசிச்சா எப்படி இருக்குதுன்னு? மனசை விட்டுடாதீங்க. நீங்களும் முயற்சி பண்ணுங்க."

"பண்றேன் சார்" என்றார் மாதேஸ்வரி.